துணைக்கு வந்தவள்

"அப்பளம் வேண்டாம்மா" என்று தட்டைத் தள்ளி வைத்தாள் அனுராதா. "ஒரே வாரத்துல ரெண்டு கிலோ ஏறியிருக்கு. இப்படி ஏறுனா பிரஷர் வந்துரும், வயித்துப்பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா?"

"மாசமா இருக்கையில வாய்க்கு ருசியாத் திங்காண்டாமா?" என்றாள் அம்மா சண்முகசுந்தரி.

"காலு வீங்கியிருக்கு. காலையிலருந்து தலைவலி வேற. கிளம்பு, இப்பமே ஆசுபத்திரிக்குப் போவோம்."

"இப்பமா? அம்பாசமுத்திரத்துல பாதிப் பேரு அங்கனதான் நிப்பாங்க. பாத்தா என்னட்டி நினைப்பாங்க?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க."

"உனக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல இப்படி ஆயிப்போச்சே..." சண்முகசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பட்டையை எடுத்துக்கொண்டு நேரே அனுராதாவிடம் வந்தாள். "கையை நீட்டும்மா."

"எனக்கில்லக்கா. அம்மாவுக்கு."

சண்முகசுந்தரி தலையைக் குனிந்தபடியே கையை நீட்டினாள். நர்ஸ் இரண்டு தடவை அளந்து பார்த்தாள்.

"பிரஷர் ரொம்பக் கூடியிருக்கு. நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. இங்கனயே தங்கணும். கூட யாரு இருப்பா?"

"நான் இருப்பேன்" என்ற அனுராதா, அம்மாவின் வயிற்றில் மெல்லக் கை வைத்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு நாந்தான் அக்கா."