கீறல் விழுந்த வண்டி

சிம்மக்கல் பட்டறையில் அன்று இருந்தவர்கள் மூன்றே பேர்: பழைய டிரெயில் பைக்கை விற்க வந்த பீமாராவ், அதை வாங்க அலங்காநல்லூரிலிருந்து வந்த விருமாண்டி, மெக்கானிக் அழகுபாண்டி.

அறுபத்திரண்டு வயது விருமாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா, இது கல்லுமுள்ளுல போற வண்டி. முன்ன ஓட்டியிருக்கீகளா?" என்றான் அழகுபாண்டி.

"இல்ல. இனிமேத்தான் கத்துக்கணும்."

"அப்ப எலும்புக்குக் கட்டுப் போடுற வைத்தியருக்கு இப்பவே சொல்லி வச்சிரவா?"

விருமாண்டி சிரிக்கவில்லை. டாங்கிலும் ஹேண்டில்பாரிலும் இருந்த கீறல்களை விரலால் தடவினார்.

"அம்புட்டையும் பெயிண்ட் அடிச்சு மறைச்சிரலாம்யா" என்றான் அழகுபாண்டி.

"ஒரு கீறலையும் தொடாத."

பீமாராவ் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நாகமலை அடிவாரத்துல விழுந்து விழுந்துதான் என் வீட்டுக்காரி ஓட்டிப் பழகுனா."

"விழுந்தப்ப அழுதாளா?"

"இல்ல, சிரிச்சா."

விருமாண்டி ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பிரித்து வெகுநேரம் பார்த்தார்.

"இத உங்க பேருக்கு மாத்தணும்ல?" என்றான் அழகுபாண்டி.

"வேணாம். அவ பேர்லயே இருக்கட்டும்."

பீமாராவ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "ஆஸ்பத்திரியில இருந்து எம்புட்டுத் தடவ கூப்பிட்டோம் மாமா! ஒரு தடவ வந்து பாத்திருக்கக்கூடாதா?"

விருமாண்டி ஆர்சி புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டை எதிர்த்துப் பீமாராவைக் கட்டிக்கொண்டு போன தன் மகள், வெளியூரில் காய்ச்சல் கண்டு செத்துவிட்டாள் என்று ஆறு வருடத்துக்கு முன் ஊருக்குச் சொல்லி, மொட்டை போட்டு, பதினாறாம் நாள் காரியமும் செய்தவர் அவர். ஊர் இன்றும் அதைத்தான் நம்புகிறது.

அது பொய். தமிழ்ச்செல்வி இறந்தது போன மாதம்.