பெரியப்பாவா, சித்தப்பாவா?

"இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பார்க்கலாம்?"

கல்யாணமான புதிதில், துறைமுகச் சுவரில் நின்ற இரண்டு கடற்காகங்களைக் காட்டி அவர் அவளைக் கேட்டார்.

"தடியா இருக்கிறது உங்க பெரியப்பா. ஒல்லி, உங்க சித்தப்பா."

அவர் சிரித்த சிரிப்பில் இரண்டுமே பறந்துவிட்டன. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் பழுப்புத்தலைக் கடற்காகம் பெரியப்பா, கருந்தலை சித்தப்பா.

இன்று அதே சுவரின் முன் பறவை ஆர்வலர் சங்கமே கூடியிருந்தது. இந்த வருடப் பறவைக் கணக்கெடுப்பை நடத்தப்போவது எப்போதும் நடத்துகிற அவரா, புதிதாக வந்த பறவை ஆய்வாளரா? அது கைவிட்டுப் போனால், காலையில் எழுந்து சட்டை மாட்டக்கூட இந்த மனிதருக்குக் காரணம் இருக்காது. அவளுக்கு அது தெரியும்.

"சார் ஒரு வருஷம் ஓய்வெடுக்கட்டுமே" என்றார் ஆய்வாளர்.

"அந்தப் பறவையையே கேட்டுடலாம்." சங்கத் தலைவர் சுவரின் கோடியைக் காட்டினார். "குளிர்காலத்துல ரெண்டுக்கும் தலை வெள்ளைதான். இது எது?"

ஆய்வாளர் டெலஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்தார். "கருந்தலை."

அடுத்து அவள் டெலஸ்கோப்பில் குனிந்தாள்.

"சார், வீட்டம்மா உங்களைப் பார்க்கவே விடமாட்டாங்களா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"என் சொந்தக்காரங்களைக் குறை சொல்ல அவளுக்கு இது ஒண்ணுதான் வாய்ப்பு. விடுங்கப்பா!" என்றார் கணவர்.

"ஏங்க, நனைஞ்சு ஒல்லியா நிக்குது. சித்தப்பாவோ?"

"நனைஞ்சா யாருமே ஒல்லிதான். அலகைப் பாரு."

"தடி."

"கண்ணு?"

"வெளிறிப்போய்... குழம்புல உப்பில்லைன்னு முறைக்கிற மாதிரி."

"பொண்டாட்டிக்கு இன்னும் பாடம் நடத்துறார்ப்பா!" கூட்டம் சிரித்தது.

"பழுப்புத்தலை" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "பறக்கட்டும். இறக்கை நுனிக் கறுப்புல வெள்ளைப் பொட்டு இருக்கும்."

ஒரு படகு ஹாரன் அடித்தது. பறவை எழும்பியது. கறுப்பு நுனியில் வெள்ளைப் பொட்டு, பளிச்சென்று.

கைதட்டல் ஓயவில்லை. "இந்த வருஷமும் சார்தான்!" என்றார் தலைவர். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆய்வாளர் பெருந்தன்மையாக வந்து கை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கணவர் பாட்டுக்குக் கடல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் சட்டென்று அவருடைய கையை எடுத்து அந்தக் கைக்குள் வைத்தாள்.

ஆய்வாளர் குனிந்து, போன மழைக்காலத்திலேயே பார்வை போய்விட்ட அந்தக் கண்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

பிடித்த கையை இன்னொரு கையாலும் அழுத்திவிட்டு, தலைவரைத் தாண்டி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆய்வாளர் நடந்து போனார்.