கிரீஸ் வற்றிய இடம்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோதுதான் மில் ஃபிட்டரின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது.

பேரிங் போகப்போகிற சத்தம்.

வழக்கமாக அங்கே நின்று, இவ்வளவு செங்குத்தாகப் படி கட்டிய கொத்தனாரை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவார். இன்று திட்ட வாய் வரவில்லை.

கரகரவென்று ஓர் இழுவை. சின்ன இடறல். மறுபடி இழுவை. நடுநடுவே குருவி கத்துவது போல ஒரு கீச்.

இரண்டாம் மாடித் தையல்காரம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "என்ன ஃபிட்டரே, மெஷினை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டீங்களா? என் டப்பாவுல ஊசியெல்லாம் குதிக்குது."

அப்படியானால் சத்தம் மேலேயிருந்து வருகிறது. அவர் வீட்டிலிருந்து. மனைவி இன்னும் வேலையிலிருந்து வந்திருக்க மாட்டாள். மகள் மட்டும்தான் இருப்பாள்.

மில்லில் பெரிய காற்றாடி ஒன்று ஒருநாள் இப்படித்தான் பேசியது. ஷிஃப்ட் முடியட்டும், அதுவரை ஓடட்டும் என்றார் சூப்பர்வைசர். ஓடியது. பிறகு இறக்கையைப் பிய்த்து எறிந்தது. எதிரே நின்றவன், மீசை என்று மில்லில் எல்லோரும் கூப்பிடுகிறவன். இவரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட கூட்டாளி. மீசையின் செருப்பை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்தான்.

மிச்சப் படிகளை எப்படித் தாண்டினாரோ, அவருக்கே தெரியாது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கை வைத்தால் மரம் அதிர்ந்தது.

"பாப்பா! அதை விட்டுட்டு வெளிய வா!"

தோளால் ஒரே முட்டு. தாழ்ப்பாள் போட்டிருக்கவே இல்லை. கதவோடு சேர்ந்து உள்ளே விழப் பார்த்தார்.

மெஷின் எதுவும் இல்லை.

மேசை, கம்ப்யூட்டர். மகள் வேலை பார்க்கும் செல்போன் ரிப்பேர் கடையில் முதலாளி கழித்துப் போட்ட இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவில் தரையில் சம்மணமிட்டு அவள். கண் சிவந்திருந்தது.

"ஒண்ணுமில்லப்பா. பாட்டுதான்."

"எது, இதுவா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு நிதானத்துக்கு வரும்வரை அவள் சொன்னதைக் கேட்டார். கடைக்கு வந்த ஒருவர் கூப்பிட்டார் என்று ஒரு கூடத்துக்குப் போனாளாம். மேடையில் ஆளே கிடையாது. சுற்றிலும் ஸ்பீக்கர். விளக்கை அணைத்துவிட்டு, ரயில் பிரேக், ஒழுகும் குழாய், யாரோ காகிதம் கசக்குவது என்று பிடித்து வைத்த சத்தங்களை இழுத்தும் சுருக்கியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார்களாம். முதலில் பயந்து எழுந்து வந்துவிடப் பார்த்தாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளும் கண்ட சத்தத்தையெல்லாம் பிடித்து வைக்கிறாள்.

"கரண்ட் போனா நாங்களும் மில்லுல இருட்டுலதான் உக்காந்திருப்போம். எவனும் டிக்கெட் கிழிச்சதில்ல."

மகள் சிரிக்கவில்லை.

"இது என்ன சத்தம்னு உங்களுக்குத் தெரியுதாப்பா?"

பாம்பின் கால் பாம்புக்குத் தெரியாதா? சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுனியை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்தினார். மில்லில் எந்த மெஷினுக்கும் இப்படித்தான் நாடி பார்ப்பது. கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம் மண்டைக்குள் இறங்கியது. ஓடிப்போய் சுவிட்சை அமுக்க வேண்டிய அவசரம் இல்லாமல் இதைக் கேட்பது இதுதான் முதல்முறை. இழுவை, இடறல், இழுவை. அதற்கும் ஒரு தாளக்கட்டு இருந்தது. பாட்டென்று சொன்னாலும் சொல்லலாம்தான்.

அப்படித் தோன்றியதும் இன்னும் பயமாகிவிட்டது.

"தேய்ஞ்சு போச்சு பாப்பா. உள்ள தூசி ஏறிக் கெடக்கு. கீச்சுன்னு கேக்குதே, அதுதான் கிரீஸ் வத்தின எடம்."

"சரிபண்ண முடியுமா?"

"இப்பவே நிறுத்திப் பிரிச்சா முடியும். எவன் நிறுத்துவான்? ஓடுற வரைக்கும் ஓடட்டும்பான்."

"நிறுத்தலன்னா?"

மீசையின் கறுப்பு வார் போட்ட செருப்பு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது.

"எதிர்ல யாரும் நிக்கக் கூடாது," என்றார்.

மகள் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை.

"எந்த மெஷின் இது? எங்க புடிச்ச?"

மகள் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, வேகத்தக் குறை. மெதுவா ஓடுனாத்தான் கோளாறு எங்கன்னு பிடிபடும்."

"வேணாம்பா."

"குறைன்னு சொல்றேன்ல."

மேசையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை எட்டிப் பிடித்தாள். திருப்பினாள். கரகரப்பு இழை இழையாகப் பிரிந்தது. இடறல் அகன்று ஒரு பள்ளமானது. இன்னும் திருப்பினாள். இப்போது அது சுற்றவில்லை. இழுத்தது, நின்றது, விட்டது. ரொம்ப நேரம் நின்றது. மறுபடி இழுத்தது.

குருவியின் கீச் கனத்து, நீண்டு, தூக்கம் கலையாத ஒரு பெண்குரலானது. அவர் மனைவியின் குரல்.

"ஏங்க... கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்களேன்."

மகள் கையை நீட்டி ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை. அவர் நெஞ்சுக்குள் அது இழுத்தது, நின்றது, விட்டது.