பொத்தாத கை

ஜன்னல் இல்லாத சமையலறையில் எந்நேரமும் ஒரே வெள்ளை வெளிச்சம். இன்று இந்த டிவி போட்டியிலிருந்து ஒருவர் வெளியேற வேண்டும். ஓட்டுப் போடுவது கூட இருப்பவர்கள்தான். தட்டு கழுவும் நர்ஸின் தோளில் தையல்காரி வந்து சாய்கிறாள். மனதில் இருப்பதைப் பேசும்போதெல்லாம் இருவரும் கழுத்து மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொள்வது வழக்கம். நேற்றுகூட அப்படிப் பொத்திக்கொண்டு, "ஜிம் மாஸ்டர் எந்தக் கேமரான்னு பாத்துட்டுத்தான் அழறாருக்கா" என்று அவள் சொல்ல, நர்ஸுக்குப் புரையேறியது. "என் ஓட்டு உனக்கு எதிரா விழவே விழாதுக்கா. நீ என் கூடப்பொறந்தவ மாதிரி" என்கிறாள் இப்போது. குரல் தழுதழுக்கிறது. அவள் கை மைக்கைப் பொத்தவில்லை. அதன்மேல் விழுந்த முடியை மெல்ல ஒதுக்கிவிடுகிறது. நர்ஸ் தன் மைக்கை ஈரக் கையால் பொத்திக்கொள்கிறாள். "என் பேரத்தான் சொல்லப் போறியாடி?" தையல்காரியின் விசும்பல் இன்னும் கொஞ்சம் சத்தமாகிறது.