காலி டம்ளர் வேகம்

புதிதாய்ப் பிறந்த பேத்தியின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம்தான் அவளுக்கு வரும் என்பதால், சம்பந்திக்கு முன்பே மதுரை ஆஸ்பத்திரியில் நிற்கத் துடித்தார் தெய்வசிகாமணி. அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் சீறினால் காற்றே ஒதுங்கி வழிவிடும். ஒரே வில்லங்கம், அதன் கப் ஹோல்டர். அதில் வைத்தது ஒரு சொட்டும் சிந்தாத வேகத்தில்தான் கார் தன்னை ஓட்டிக்கொள்ளும்.

வேகம் என்றாலே ஆகாத மனைவி குமுதவல்லி, திண்டிவனம் தாண்டியதும் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பக் காபி ஊற்றி அதில் வைத்தாள். கார் மாட்டுவண்டியானது.

"ஏன்டி, சம்பந்தி திருச்சியைத் தாண்டிட்டாராம்!"

"அதுக்கு? குடிச்சிட்டுப் போங்க."

அவள் போட்ட டிகிரி காபியைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? மடக்கென்று குடித்தார். கார் பாய்ந்தது. அவள் மறுபடி ஊற்றினாள், அவர் மறுபடி குடித்தார். பதினாலாவது டம்ளரில் சம்பந்தியின் காரை விருட்டென்று முந்தியபோது, "பாத்தியாடி!" என்று கூவினார்.

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் அவர் தலைதெறிக்க ஓடியது கழிப்பறைக்கு.

திரும்பி வந்தபோது, பேத்தியை மடியில் வைத்தபடி குமுதவல்லி சர்க்கரை ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே குடும்பத்துல ரெண்டு குமுதவல்லி. சமாளிச்சுக்குங்க," என்றாள்.