தீயில் உருண்ட நூல்

பேசத் தெரிந்த துணிகளிலேயே கூசாமல் பொய் பேசத் தெரிந்தது அந்தப் பாலியஸ்டர்தான். மழைக்கால உடைகளுக்குத் துணி தேர்ந்தெடுக்கும் பரிமளாவின் மேஜையில், பட்டுக்குப் பக்கத்தில் மினுமினுவென்று கிடந்தது.

“நீங்களும் பட்டுதானே?” என்றது பட்டு.

“பின்னே? பரம்பரை பரம்பரையாகப் பட்டு!”

பரிமளா இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நூலை உருவித் தீயில் காட்டினாள். பட்டு நூல் முடி கருகும் வாசனையோடு சாம்பலானது. மற்றது உருகி, கறுப்பு மணியாக உருண்டது.

“அட, பாலியஸ்டர்!” என்றாள்.

பாலியஸ்டருக்கு மானமே போயிற்று. இனிக் குப்பைக்கூடைதான் என்று அது ஒடுங்கிக் கிடக்க, அவள் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். பட்டில் விழுந்த துளி கறையாகப் பரவியது. பாலியஸ்டரில் விழுந்தவை வழுக்கி ஓடின. பரிமளா சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள்.

அந்த உடைகளை அணிந்து பெண்கள் மேடையேறிய அன்று, திறந்தவெளி மேடையில் மழை கொட்டித் தீர்த்தது. பட்டுப் பாவாடைக்கு மேல் மழைக்கோட்டாக விறைத்து நின்றது பாலியஸ்டர்.

“என்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லையே! மேலே இருப்பது யாருங்க?” என்று உள்ளேயிருந்து கேட்டது பட்டு.

மழைக்கோட்டுக்கு இந்த முறை பொய் சொல்லத் தோன்றவே இல்லை. மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தியது:

“பாலியஸ்டர்!”