வட்டத்துக்கு வெளியே

“அப்பா, கோரியை மட்டும் மறைக்கச் சொல்லாதீங்க.”

“வட்டத்தைச் சுருக்கு டார்சி. வெப் டிசைனர்னு சம்பளம் வாங்கறேல்ல?”

“அம்மா பிறந்தநாளுக்குப் போடற வெப் பக்கத்துல என் தம்பி இல்லாமலா? உங்களுக்குக் கல்லு மனசுப்பா.”

“கல்லுதான். சுருக்கு.”

வீடியோ அழைப்பில் தன் திரையை அப்பாவுக்குக் காட்டியபடி, டார்சி பக்கத்தின் வடிவமைப்புக் குறியீடான சிஎஸ்எஸ்ஸில் ஓர் எண்ணைக் குறைத்தாள். குடும்பப் படத்தின் வட்டம் சுருங்கி, ஓரத்தில் நின்ற கோரியை மறைத்தது.

அப்பா வெண்டலின் குரல் உடைந்தது. “நீ டொராண்டோல இருக்கே, உனக்குத் தெரியாது. அவன் படத்தைப் பார்த்தா உங்கம்மா எங்கேன்னு கேக்கறா. படகு கவிழ்ந்து செத்துட்டான்னு சொன்னா, அப்பத்தான் கேள்விப்படற மாதிரி அழறா. மறுநாள் மறந்துட்டு மறுபடி கேக்கறா. எத்தனை தடவைம்மா அவளுக்குப் பிள்ளை சாகணும்?”

அம்மா அப்பாவின் பக்கத்தில் வந்து அவர் திரையைப் பார்த்துச் சிரித்தாள். படத்தில் தன் தோள்மேல், வட்டத்துக்குள் மிஞ்சியிருந்த விரல்களைத் தொட்டாள்.

“இது யாரோட கை, வெண்டல்?”